'விச்' பக்கத்துல இருக்கற ஒரு வார்த்தையத்தான் குறிக்குமா, முழு வாக்கியத்தையும் குறிக்கலாமா?

நீங்க கேட்டது ரெண்டு விஷயம். பத்தாவது படிக்கற உங்க பையன் ஸ்கூல் டெஸ்ட்ல 'ஹி பாஸ்டு த எக்ஸாம், விச் மேட் அஸ் ஹேப்பி'ன்னு எழுதியிருக்கான், டீச்சர் அந்த 'விச்'ச சிவப்பு பேனால சுழிச்சு, விச்னா அதுக்கு முன்னாடி இருக்கற எக்ஸாமத்தான் குறிக்கும், எக்ஸாம் எப்படி சந்தோஷப்படுத்தும்னு ஒரு மார்க் குறைச்சுட்டாங்க, இது நியாயமா. ரெண்டாவது, நீங்க ஆபீஸ் மெயில்ல எப்பவும் எழுதற 'டியூ டு விச்'ச உங்க புது மேனேஜர் பாத்த இடத்துல எல்லாம் அடிச்சுடறாராம், அதுல என்ன தப்புன்னு.

பையன் எழுதினது சரி. முழுசா சரி. கமா கூட கரெக்டா போட்டிருக்கான், அதுக்கே ஒரு மார்க் கூட போடலாம், ஏன்னா நான் பாக்கற இன்ஜினியருங்க பாதி பேர் அந்த கமாவ போடறதில்ல. ஆனா டீச்சர் சொன்ன விதி எங்கிருந்தோ வானத்துல இருந்து குதிச்சதும் இல்ல, அதுக்கு ஒரு காரணம் இருக்கு. அந்த காரணம் புரிஞ்சா எங்க இத தைரியமா எழுதலாம், எங்க எழுதினா மாட்டிக்குவோம்னு தெரிஞ்சுடும், அதனால கொஞ்சம் நீளமாவே சொல்றேன்.

இங்கிலீஷ்ல 'விச்' ரெண்டு வேலை பாக்குது. ஒண்ணு நமக்கு ஸ்கூல்ல சொல்லிக் குடுத்தது, 'த புக் விச் ஐ பாட்', நான் வாங்கின புக், இங்க விச் அந்த புக்க மட்டும்தான் பிடிச்சுக்குது. இன்னொண்ணு, இதுவரைக்கும் சொன்ன மொத்த விஷயத்தையும் ஒரே பிடியில பிடிச்சு அதப் பத்தி ஒரு கமெண்ட் அடிக்கறது. இதுக்கு இலக்கணத்துல பேரே இருக்கு, 'சென்டென்ஷியல் ரிலேட்டிவ் க்ளாஸ்'. 1985-ல ரேண்டால்ஃப் க்வெர்க்கும் இன்னும் மூணு பேரும் சேந்து போட்ட அந்த தலகாணி சைஸ் இங்கிலீஷ் இலக்கணத்துல இதே பேர்லதான் இருக்கும். அதனால டீச்சர்கிட்ட பேசப் போனா இந்த பேர சொல்லுங்க, நான் இன்டர்நெட்ல படிச்சேன்னு சொல்லாதீங்க.

எந்த வேலைய பாக்குதுன்னு கண்டுபிடிக்க சுலபமா ஒண்ணு பண்ணலாம். விச்ச எடுத்துட்டு அங்க 'அண்ட் திஸ்'னு போட்டுப் பாருங்க. 'ஹி பாஸ்டு த எக்ஸாம், அண்ட் திஸ் மேட் அஸ் ஹேப்பி'. நல்லா ஓடுதுல்ல? அப்ப அது முழு வாக்கியத்த குறிக்குது. 'த புக் அண்ட் திஸ் ஐ பாட்'னு போட்டா ஒடஞ்சு விழுந்துடும், அது மொதல் வகை.

இப்ப ஏன் நமக்கு இது தகராறா இருக்குன்னு பாக்கலாம். தமிழ்ல விச் மாதிரி ஒரு வார்த்தையே கிடையாது. 'நேத்து வந்த பையன்'னு சொல்றோம், 'வந்த'ங்கற பெயரெச்சம் பையனுக்கு முன்னாடியே போய் நின்னுடுது, நடுவுல ஒட்டறதுக்கு தனியா ஒரு வார்த்தை வேணாம். ஆனா பெயரெச்சத்துக்கு பின்னாடி ஒரு பெயர் வந்தாகணும், மொத்த வாக்கியத்தையும் அதுக்கு பின்னாடி கொண்டு போய் நிறுத்த முடியாது. அதனால நாம என்ன பண்றோம், வாக்கியத்தையே ஒரு பெயரா மாத்திடறோம், 'அவன் பாஸானது எங்களுக்கு சந்தோஷம்'. இல்லன்னா ரெண்டா வெட்டி நடுவுல ஒரு 'அது' போட்டுடறோம், 'அவன் லேட்டா வந்தான், அதுதான் எனக்கு கடுப்பு'. தமிழ்ல 'எது'ங்கறது விச் வேலைக்கு பக்கத்துல வர்ற ஒரே இடம் நம்ம வீட்டு காலண்டர்ல இருக்கற 'எது நடந்ததோ அது நன்றாகவே நடந்தது' மாதிரி வாக்கியம்தான், அங்கயும் பாருங்க, எது மட்டும் வந்தா பத்தாது, பின்னாடியே ஒரு 'அது' ஓடி வரணும்.

அந்த 'அது' பழக்கம்தான் நம்மள விடாது. 'ஹி கேம் லேட், விச் இட் அனாய்ட் மீ'. இத நான் எத்தன தடவ திருத்தியிருக்கேன்னு எனக்கே தெரியாது. விச்சுக்குள்ளயே அந்த 'அது' இருக்கு, திரும்ப ஒரு இட் போட்டா ஒரே சீட்ல ரெண்டு பேர் உக்காந்த மாதிரி. இன்னொண்ணு, 'ஹி கேம் லேட், தட் ஒன்லி மேட் மீ ஆங்க்ரி', இது 'அதுதான்'ங்கறத அப்படியே தூக்கி வெச்சது, பேச்சுல ஓகே, நம்ம ஊர்ல எல்லாருக்கும் புரியும், வெளியூர் ஆள் 'ஒன்லி'ய வேற மாதிரி எடுத்துப்பாங்க. அவங்க காதுக்கு அது 'கோபப்படுத்தினது மட்டும்தான்'னு கேக்கும், அவன் லேட்டா வந்ததால எனக்கு கோபம் வந்தத தவிர வேற எதுவும் நடக்கலங்கற மாதிரி.

நாம மட்டும் இப்படி இல்ல, ஆறுதலுக்கு சொல்றேன். ஜெர்மன்காரங்க இதே இடத்துல 'வாட்' போட்டு மாட்டுவாங்க, 'ஹி கேம் லேட், வாட் அனாய்ட் மீ'ன்னு, ஏன்னா அவங்க மொழில முழு வாக்கியத்த குறிக்க 'வாஸ்'ங்கற வார்த்தைதான் வரும், அதுக்கு நேர் இங்கிலீஷ் வாட். ஃப்ரெஞ்சுல 'ஸ கி'ன்னு ரெண்டு வார்த்தை, மொதல்ல ஒரு 'அது', அப்புறம் விச், கிட்டத்தட்ட நம்ம 'விச் இட்' மாதிரியே, ஆனா அவங்களுக்கு அது சரி. இந்த மூணுல இங்கிலீஷ்ல மட்டும் பொருளுக்கும் முழு வாக்கியத்துக்கும் ஒரே விச்சு. அதுலதான் குழப்பமே ஆரம்பிக்குது, டீச்சருக்கும் சேத்து.

சரி கமாவுக்கு வருவோம். 'ஹி ஏட் த கேக் விச் மேட் மீ ஆங்க்ரி'. கமா இல்ல. அப்ப என்ன அர்த்தம், நிறைய கேக் இருந்துச்சு, அதுல ஒரு கேக் என்னை கோபப்படுத்தினது, அந்த கேக்க அவன் சாப்ட்டான். கேக் என்ன பண்ணிச்சுன்னு கேக்காதீங்க. 'ஹி ஏட் த கேக், விச் மேட் மீ ஆங்க்ரி', கமா போட்டாச்சு, இப்ப அவன் சாப்ட்டதுதான் என் கோபம், எனக்கு வெக்காம தின்னுட்டான். பேசும்போது அந்த கமா ஒரு சின்ன நிறுத்தம், குரல் ஒரு படி கீழ இறங்கி திரும்ப ஆரம்பிக்கும். முழு வாக்கியத்த குறிக்கற விச்சுக்கு கமா இல்லாம வேலையே நடக்காது, இதுல விதிவிலக்கு தேடாதீங்க. அதே மாதிரி இந்த இடத்துல விச்சுக்கு பதிலா 'தட்' போடவே முடியாது, 'ஹி ஏட் த கேக், தட் மேட் மீ ஆங்க்ரி'ன்னா அது ரெண்டு தனி வாக்கியத்த கமாவால ஒட்டினது, அதுக்கும் சிவப்பு பேனா வரும், அது நியாயமான சிவப்பு பேனா.

இன்னொரு விஷயம், இத யாரும் சொல்லித் தர்றதில்ல, ஆனா எனக்கு ரொம்ப பிடிச்சது. முழு வாக்கியத்த குறிக்கற விச்சு எப்பவும் ஒருமை. 'ஷி ஹேஸ் த்ரீ டாக்ஸ், விச் ஆர் அ ப்ராப்ளம்'. இங்க ஆர், அப்ப நாய்ங்கதான் பிரச்சனை, குரைக்குது, கடிக்குது, என்னமோ. 'ஷி ஹேஸ் த்ரீ டாக்ஸ், விச் இஸ் அ ப்ராப்ளம்'. இங்க இஸ், அப்ப நாய்ங்க தங்கம், அவ மூணு நாய் வெச்சிருக்காங்கறதுதான் பிரச்சனை, வீடு வாடகைக்கு குடுக்கமாட்டேங்கறாங்க. ஒரே ஒரு வினைச்சொல் மாறினதுல வாடகை வீட்டு கதையே மாறிடுச்சு. உங்க பையனுக்கு இத காட்டுங்க, பசங்களுக்கு இது உடனே பிடிக்கும்.

ஆனா எல்லா இடத்துலயும் இஸ்ஸும் ஆரும் வந்து காப்பாத்தாது. இப்பதான் டீச்சர் பக்க நியாயம் வருது.

நான் பல வருஷமா இன்ஜினியருங்க எழுதற ரிப்போர்ட்ட படிச்சு திருத்தற வேலைல இருக்கேன். முன்னாடி இருந்த ஒரு கம்பெனில, ராத்திரி ஷிஃப்ட்ல ஒரு சிஸ்டம் படுத்துடுச்சு, விடியக்காலைல ஒரு பையன் கண்ண கசக்கிக்கிட்டே ரிப்போர்ட் எழுதி கஸ்டமருக்கு நேரா அனுப்பிட்டான், என்கிட்ட வரல. அதுல ஒரு வரி: 'வி டிட் நாட் ரீஸ்டார்ட் த சர்வர், விச் வாஸ் த காஸ் ஆஃப் த ப்ராப்ளம்'. அவன் சொல்ல வந்தது, பிரச்சனைக்கு காரணம் அந்த சர்வர்தான், ஆனா ஆராய்ச்சி பண்ணணும்னு நாங்க அத ரீஸ்டார்ட் பண்ணாம அப்படியே வெச்சிருக்கோம். கஸ்டமர் படிச்சது, நாங்க ரீஸ்டார்ட் பண்ணாம விட்டோம், அதனாலதான் பிரச்சனை. அதாவது கைப்பட எழுதிக் குடுத்த ஒப்புதல் வாக்குமூலம். காலைல ஒன்பது மணிக்கு கால், அந்தப் பக்கம் ஆறு பேர், இந்தப் பக்கம் எங்க மேனேஜர், அந்த ஒரு வரிய மட்டும் ஸ்க்ரீன்ல போட்டு பெருசாக்கி வெச்சிருந்தாங்க. அவன் வீட்டுக்குப் போய் படுத்துட்டான், எழுப்பி ஃபோன்ல போட்டாங்க, அவனுக்கு கடைசி வரைக்கும் அதுல என்ன தப்புன்னு புரியல. 'சர்வர்தான் காரணம்னு தெளிவா எழுதியிருக்கேனே சார்'ங்கறான்.

அவன் பாவம், இலக்கணம் தப்பா எழுதல. கமா இருக்கு. விச் ஒருமை, சர்வரும் ஒருமை, வாக்கியமும் ஒருமை. 'அண்ட் திஸ்' போட்டுப் பாத்தாலும் ஓடுது, சர்வர்னு எடுத்துக்கிட்டாலும் ஓடுது. ரெண்டு அர்த்தமும் சரி, ரெண்டுமே நடக்கக்கூடிய விஷயம். எக்ஸாம் வாக்கியத்துல இந்த ஆபத்து இல்ல, எக்ஸாம பாத்து எவனும் சந்தோஷப்படமாட்டான், அதனால படிக்கறவங்க மனசு தானா சரியான அர்த்தத்துக்கு போயிடும். சர்வர் வாக்கியத்துல மனசுக்கு எந்த பிடிமானமும் இல்ல, படிக்கறவன் அன்னைக்கு என்ன மூட்ல இருக்கானோ அந்த அர்த்தம். 'இல்ல' வர்ற வாக்கியம்னா இன்னும் மோசம். 'ஐ டிட் நாட் டெலீட் த ஓல்ட் ஃபைல், விச் வாஸ் அ மிஸ்டேக்'. டெலீட் பண்ணாம விட்டது தப்பா, அந்த ஃபைலே தப்பான ஃபைலா? எழுதினவனுக்கு மட்டும்தான் தெரியும், அவனுக்கும் மறுநாள் மறந்துடும்.

இந்த 'விச் எதப் பிடிக்குது'ங்கற சண்டை அமெரிக்கால சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயிருக்கு, நான் விளையாட்டுக்கு சொல்லல. பார்ன்ஹார்ட் எதிர் தாமஸ்னு 2003-ல வந்த தீர்ப்பு. லிஃப்ட் ஆபரேட்டரா வேலை பாத்த ஒரு அம்மா, வேலை போயிடுச்சு, அப்புறம் உடம்பு முடியலன்னு அரசாங்கத்துக்கிட்ட உதவித்தொகை கேட்டாங்க. அதிகாரிங்க சொன்னாங்க, உங்க உடம்பு நிலைமைக்கு பழைய லிஃப்ட் வேலைய பாக்க முடியுமே, அதனால தொகை இல்ல. அந்தம்மா சொன்னாங்க, ஐயா லிஃப்ட் ஆபரேட்டர் வேலையே இப்ப நாட்டுல இருக்கற மாதிரி இல்ல, இல்லாத வேலைய நான் எங்க போய் பாக்கறது. கேக்க எவ்வளவு நியாயமா இருக்கு!

சட்டத்துல என்ன இருந்துச்சுன்னா, ஒருத்தர் தன்னோட பழைய வேலையும் செய்ய முடியாம, வேற எந்த விதமான சம்பாத்திய வேலையும் செய்ய முடியாம இருந்தாத்தான் தொகை, அந்த 'வேற வேலை'க்கு பின்னாடி ஒரு வால், 'விச் எக்ஸிஸ்ட்ஸ் இன் த நேஷனல் எகானமி', நாட்டோட பொருளாதாரத்துல இருக்கற வேலைன்னு அர்த்தம். அந்த வால் 'வேற வேலை'ய மட்டும் பிடிக்குதா, அதுக்கு முன்னாடி இருக்கற 'பழைய வேலை'யையும் சேத்துப் பிடிக்குதா? இவ்வளவுதான் மொத்த கேஸும். கீழ இருந்த அப்பீல் கோர்ட் ரெண்டையும் பிடிக்கும்னு அந்தம்மா பக்கம் சொன்னாங்க. சுப்ரீம் கோர்ட்ல நீதிபதி ஆன்டனின் ஸ்காலியா தீர்ப்பு எழுதினார், எல்லா நீதிபதியும் ஒரே பக்கம், வால் பக்கத்துல இருக்கறத மட்டும்தான் பிடிக்கும், பழைய வேலை நாட்டுல இருக்கா இல்லையாங்கறது கணக்குல வராது. அந்தம்மா தோத்தாங்க.

ஸ்காலியா அதுல ஒரு உதாரணம் சொல்வார், சட்டம் படிக்கறவங்க இன்னிக்கும் சொல்லிக் காட்டுவாங்க. அப்பா அம்மா வெளியூர் போறாங்க, டீனேஜ் பையன தனியா விட்டுட்டுப் போகும்போது சொல்றாங்க, நீ பார்ட்டி வெச்சாலோ, இல்ல வீட்ட சேதம் பண்ற வேற எந்த வேலைய செஞ்சாலோ தண்டனை உண்டு. பையன் பார்ட்டி வெச்சு மாட்டிக்கறான். 'வீட்டுக்கு ஒரு சேதமும் ஆகலையே'ன்னு சொல்லி தப்பிக்க முடியுமா? முடியாது, ஏன்னா 'சேதம் பண்ற'ங்கறது 'வேற வேலை'க்கு மட்டும்தான், பார்ட்டின்னாலே தண்டனைதான். நம்ம வீட்டு பசங்க இந்த வாதத்த பண்ணிப் பாப்பாங்க, அது வேற விஷயம். இந்த உதாரணத்த தமிழ்ல சொல்லும்போது ஒண்ணு கவனிச்சீங்களா, தமிழ்ல 'சேதம் பண்ற' முன்னாடியே வந்து 'வேற வேலை' மேல உக்காந்துடுச்சு, பார்ட்டிகிட்ட போக வழியே இல்ல. தமிழ்ல இந்த கேஸே எழும்பியிருக்காது போல.

உங்க டீச்சர் சொன்ன விதியும் கிட்டத்தட்ட இதேதான், வால் பக்கத்துல இருக்கற பெயரத்தான் பிடிக்கும். வக்கீலுங்க இத கடைசி முன்சொல் விதின்னு வெச்சிருக்காங்க. ஆனா அதே தீர்ப்புல ஸ்காலியாவே ஒண்ணு சொல்லிட்டார், இந்த விதி இறுதியானது இல்ல, அர்த்தத்த காட்டற வேற அடையாளம் இருந்தா இத தாண்டிப் போகலாம்னு. உங்க பையன் வாக்கியத்துல கமா ஒரு அடையாளம், 'சந்தோஷப்படுத்தினது'ங்கறது இன்னொரு அடையாளம். சுப்ரீம் கோர்ட்டே தாண்டலாம்னு சொன்னத பத்தாவது க்ளாஸ் டெஸ்ட்ல தாண்டக்கூடாதுன்னா எப்படி.

அப்ப ரெண்டு அர்த்தம் வர்ற இடத்துல என்ன பண்றது? பேர் வெச்சுடுங்க. முழு வாக்கியத்துக்கும் ஒரு பேர் குடுத்து அத விச்சுக்கு முன்னாடி நிறுத்திட்டா அந்த வாலுக்கு வேற போக்கிடம் இல்ல. 'வி டிட் நாட் ரீஸ்டார்ட் த சர்வர், அ டிசிஷன் தட் ஹெல்ப்ட் அஸ் ஃபைண்ட் த காஸ்'. ரீஸ்டார்ட் பண்ணாம விட்டதுக்கு 'டிசிஷன்'னு பேர் வெச்சாச்சு, இப்ப சர்வர் பக்கம் அர்த்தம் போகவே போகாது. தப்புன்னா 'அ மிஸ்டேக் தட்', தாமதம்னா 'அ டிலே தட்', ரிசல்ட்னா 'அ ரிசல்ட் தட்'. இங்க தட் போடலாம், ஏன்னா பின்னாடி பிடிக்க ஒரு பெயர் வந்துடுச்சு. எனக்கு இதுல இன்னொரு லாபமும் தெரியுது, பேர் வெக்கும்போது அது முடிவா, தப்பா, தாமதமான்னு எழுதறவன் ஒரு நிமிஷம் யோசிச்சாகணும், நிறைய ரிப்போர்ட்ல அந்த ஒரு நிமிஷம்தான் இல்லாம போகுது. சிலர் விச்ச பாத்து பயந்து முற்றுப்புள்ளி வெச்சு 'திஸ்'னு ஆரம்பிப்பாங்க, 'திஸ் காஸ்ட் த ப்ராப்ளம்', அதுலயும் அதே வியாதிதான், எந்த திஸ்? 'திஸ் டிலே'ன்னு எழுதுங்க, ஒரே ஒரு வார்த்தை.

அந்த சர்வர் பையன் வாக்கியத்துக்கு இதெல்லாம் கூட வேணாம், சும்மா 'த சர்வர் வாஸ் த காஸ், பட் வி டிட் நாட் ரீஸ்டார்ட் இட்'னு எழுதியிருந்தா ஒன்பது மணி காலே வந்திருக்காது.

இப்ப உங்க 'டியூ டு விச்'. 'த சிஸ்டம் வாஸ் டவுன், டியூ டு விச் வி குட் நாட் ப்ராசஸ் யுவர் ரெக்வெஸ்ட்'. இலக்கணப்படி இதுல தப்பு கண்டுபிடிக்கறது கஷ்டம், விச் முழு வாக்கியத்த பிடிக்குது, முன்னாடி டியூ டு, அவ்வளவுதான். ஆனா லண்டன்லயோ அமெரிக்காலயோ இருக்கற ஆளு இத எழுதறத நீங்க லேசுல பாக்கமாட்டீங்க, இது நம்ம நாட்டு ஆபீஸ் இங்கிலீஷ், வடக்க தெற்க எல்லாரும் எழுதறது. ஹிந்தில 'ஜிஸ்கி வஜஹ் ஸே'ன்னு சொல்றதுக்கு அச்சு அசல் இதேதான், நம்மகிட்ட 'அதன் காரணமாக'ன்னு தாசில்தார் ஆபீஸ் நோட்டீஸ்ல வருமே, அந்த வாடை. 'மின்தடை ஏற்பட்டது, அதன் காரணமாக'ன்னு வீட்ல யாராவது பேசுவோமா? கரண்ட் போச்சு, அதனால மாவு அரைக்கல, அவ்வளவுதான். இங்கிலீஷ்லயும் அதேதான், 'த சிஸ்டம் வாஸ் டவுன், சோ வி குட் நாட் ப்ராசஸ் யுவர் ரெக்வெஸ்ட்'. சோ போட்டா மரியாதை குறைஞ்சுடும்னு நமக்கு ஒரு பயம், குறையாது. உங்க மேனேஜர் அடிக்கறது அதுக்காகத்தான் இருக்கும், தப்புன்னு அடிக்கல, கனமா இருக்குன்னு அடிக்கறார். இதுக்கு பக்கத்துல 'ஃபார் விச்'னு ஒண்ணு சுத்துது, 'ஐ மிஸ்ட் த பஸ், ஃபார் விச் ஐ வாஸ் லேட்'னு, அது நிஜமாவே தப்பு, அத எழுதாதீங்க.

ஆனா முன்னாடி ஒரு வார்த்தையோட வர்ற எல்லா விச்சும் ஆகாதுன்னு முடிவு கட்டிடாதீங்க, சிலது அருமையா இருக்கும். 'இட் மே ரெயின், இன் விச் கேஸ் வி வில் ஸ்டே ஹோம்', இந்த இன் விச் கேஸ் அப்படியே நம்ம 'அப்படி ஆச்சுன்னா'. 'ஐ ரீச்ட் த ஸ்டேஷன் அட் டென், பை விச் டைம் த ட்ரெயின் ஹேட் லெஃப்ட்', பை விச் டைம்னா 'அதுக்குள்ள'. அட் விச் பாயின்ட், 'அந்த நேரம் பாத்து'. விச் மீன்ஸ், 'அப்படின்னா'. பேச்சுக்கு நடுவுல 'விச் ரிமைண்ட்ஸ் மீ'ன்னு சொல்வாங்க, நாம 'அட, சொன்னதும்தான் ஞாபகம் வருது'ன்னு சொல்லுவோமே அதுதான். இதெல்லாம் வார்த்தை வார்த்தையா பிரிச்சு படிக்காம ஒரே துண்டா மனசுல வெச்சுக்கிட்டீங்கன்னா நாக்குல தானா வரும்.

விச்சோட பங்காளி ஒருத்தன் இருக்கான், 'ஆஸ்'. இவனும் முழு வாக்கியத்த பிடிப்பான், கூடவே விச்சால முடியாத ஒண்ணையும் பண்ணுவான், வாக்கியத்துக்கு முன்னாடியே வந்து நிப்பான். 'ஆஸ் யூ நோ, ஹி இஸ் லேட்'. விச்ச இப்படி முன்னாடி போட முடியாது, முன்னாடி போடணும்னா அங்க வாட் வரும், 'ஹி கேம் லேட் அண்ட், வாட் இஸ் வர்ஸ், ஹி ஃபர்காட் த கீ', லேட்டா வந்தான், அதவிட கொடுமை சாவிய மறந்துட்டான். ஆஸ்கிட்ட ஒரு இடத்துல ஜாக்கிரதையா இருக்கணும், திரும்பவும் அந்த 'இல்ல' வாக்கியம்தான். 'ஹி டிட் நாட் ரிப்ளை, ஆஸ் ஐ எக்ஸ்பெக்டட்', கமா இருக்கு, பதில் வரல, வராதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும். கமாவ எடுங்க, 'ஹி டிட் நாட் ரிப்ளை ஆஸ் ஐ எக்ஸ்பெக்டட்', இப்ப பதில் வந்துச்சு, ஆனா நான் எதிர்பாத்த மாதிரி இல்ல. ஒரு கமால ஒரு பதிலே காணாம போகுது பாருங்க.

கடைசியா, நீங்க கேக்கல, ஆனா பையன் கேப்பான். புது வாக்கியத்தையே விச்ல ஆரம்பிக்கலாமா, 'விச் இஸ் ஒய் ஐ கேம்'னு? பேச்சுல, விளம்பரத்துல, பத்திரிகை கட்டுரைல எல்லாம் தாராளமா வருது, நம்ம 'அதனாலதான்' எப்படி புள்ளிக்கு அப்புறம் புதுசா ஆரம்பிக்குதோ அப்படி. லத்தீன்ல இது ஒரு குறையே இல்ல, ஜூலியஸ் சீசர் எழுதின போர்க் குறிப்புல புள்ளி வெச்சுட்டு அடுத்த வாக்கியத்த அவங்க ஊர் விச்லயே ஆரம்பிக்கறது நிறைய இடத்துல இருக்கு, அழகா முன்னாடி நடந்தத அப்படியே கைல எடுத்துக்கிட்டு நடக்கும். ஆனா இங்கிலீஷ் பரீட்சை பேப்பர்ல அத முழு வாக்கியம் இல்லன்னுதான் எடுத்துப்பாங்க, கமா போட்டு முந்தின வாக்கியத்தோட ஒட்டிடறது நல்லது.

அந்த ஒரு மார்க்குக்கு டீச்சர்கிட்ட போறதா இருந்தா நாய் வாக்கியத்த எடுத்துக்கிட்டு போங்க, இஸ்ஸும் ஆரும், அத பாத்தா அவங்களுக்கே புரிஞ்சுடும், சண்டையா ஆகாது. பொதுத்தேர்வுல பேப்பர் யார் கைல போகும்னு தெரியாது, அங்க மட்டும் 'ஹி பாஸ்டு த எக்ஸாம், அ ரிசல்ட் தட் மேட் அஸ் ஹேப்பி'ன்னு எழுதிக்கச் சொல்லுங்க. மத்த இடத்துல அவன் எழுதினத அப்படியே எழுதட்டும்.